வெகோவி ஊசி, குமட்டல், தைப்பூச விரதம்: எப்படிச் சமாளிக்கிறது?

சாட்ஸ்வொர்த் மருமகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்கா டர்பன்ல, சாட்ஸ்வொர்த்ல இருக்கேன். ஊர் கும்பகோணம் பக்கம், கல்யாணமாகி இங்க வந்து ரொம்ப வருஷமாச்சு. வயசு 47. சர்க்கரை, பிரஷர் ரெண்டும் இருக்கு. எடை 96 கிலோவுக்குப் போய், முட்டி வலியில மாடிப்படி ஏற முடியாம ஆனப்ப டாக்டர் எடை குறைய வாரம் ஒரு தடவை போடுற வெகோவி ஊசி எழுதிக் குடுத்தாரு. எங்க மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இதுக்குப் பணம் கட்டாது, எல்லாம் கைக்காசு.

0.25, 0.5 வரைக்கும் பெருசா ஒண்ணும் தெரியல. 1 மி.கி.க்கு ஏத்தினதுலேர்ந்துதான் கஷ்டம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊசி போடுறேன். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் தாளிக்கிற வாசம் பட்டாலே வயித்தைப் புரட்டுது. எங்க வீட்ல ஞாயித்துக்கிழமைதான் பெரிய சமையல், நாத்தனார் குடும்பமும் வந்துரும். வெங்காயம் வதங்கும்போது கரண்டியை மகள் கையில குடுத்துட்டு பின்வாசல்ல போய் நிக்கிறேன். ஏப்பம் வந்தா அழுகின முட்டை நாத்தம். போன ஞாயிறு ரெண்டு தடவை வாந்தி. மலச்சிக்கல் வேற, வயிறு கல்லு மாதிரி இருக்கு.

இப்ப தைப்பூசம் வருது. மகன் ஆபரேஷன் நல்லபடியா முடியணும்னு பால்குடம் வேண்டியிருந்தேன், அவன் நல்லாயிட்டான். கொடியேறினதுலேர்ந்து விரதம், ஒருவேளைச் சாப்பாடு. பூசத்தன்னிக்குக் காலைல பச்சைத்தண்ணி கூடப் பல்லுல படாம ஆத்தங்கரையிலேர்ந்து கோவில் வரைக்கும் நடக்கணும். மாமியார் "ஊசியும் போட்டுக்கிட்டு விரதமும் இருப்பியாம்மா"ன்னு பயப்படுறாங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு, ஆனா வேண்டுதலை விட மனசு வரல.

சாப்பிடுற மாத்திரை: மெட்ஃபார்மின் காலை ராத்திரி, கிளிக்லசைட் காலைல, பிரஷருக்கு எனலாப்ரில், கூட ஒரு நீர் மாத்திரை. ஊசி போட்டுக்கிட்டு விரதம் இருந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. குமட்டலுக்கு என்ன பண்றீங்க?

பீனிக்ஸ் பெரியம்மா எழுதியது:

தங்கச்சி, குமட்டலுக்கு அப்புறம் வரேன். முதல்ல உங்க மாத்திரை. கிளிக்லசைட்னு எழுதியிருக்கீங்களே, அந்த வரியை நான் திரும்பவும் படிச்சேன்.

நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் இங்க அரசு ஆஸ்பத்திரியில சர்க்கரை கிளினிக் சிஸ்டர். வெகோவியில இருக்கிற செமக்ளூட்டைட், ரத்தத்துல சர்க்கரை ஏறி இருந்தாத்தான் இன்சுலினைத் தூண்டும். அதனால அது மட்டும் போட்டா சுகர் அபாயமா விழுறது அபூர்வம். கிளிக்லசைட் அப்படி இல்ல. நீங்க சாப்பிட்டீங்களா, பட்டினியான்னு அது பார்க்காது, கணையத்தைப் பிழிஞ்சு இன்சுலினை எடுத்துரும். ஊசியால ஏற்கனவே பாதிச் சாப்பாடு, அதுல ஒருவேளை விரதம், காலைல கிளிக்லசைட். இந்த மூணும் சேர்றதுதான் எனக்குக் கவலை. உங்க குமட்டல் தொந்தரவு, ஆனா இது ஆபத்து.

காவடியில இதைக் கண்ணால பார்த்திருக்கேன். ஒரு அம்மா ஆடிக்கிட்டே வந்தாங்க, கண்ணு சொருகிருச்சு. அருள் வந்துருச்சுன்னு சுத்தி நின்னு அரோகரா போட்டு, நெத்தி நிறைய விபூதி பூசினாங்க. நான் கையைத் தொட்டுப் பார்த்தா சில்லுன்னு வேர்வை, விரல் எல்லாம் நடுங்குது. மீட்டர்ல 2.6 (இங்க mmol/L கணக்கு, ஊர் mg/dL கணக்குல 47 மாதிரி). சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமா குடிக்க வச்சதுக்கப்புறம்தான் பேரு சொன்னாங்க. பத்து நாள் விரதம், வெயில், உறுமிமேளம் எல்லாம் சேர்ந்த இடத்துல, எது சாமி எது சுகர்னு கூட்டத்துக்குத் தெரியாது. அதனால உங்க கூட நடக்குற ஒருத்தருக்கு, உங்க மகளுக்கோ நாத்தனாருக்கோ, கட்டாயம் தெரிஞ்சிருக்கணும். மீட்டர் அவங்க பையில இருக்கணும். 4-க்குக் கீழ காட்டினா மூணு டீஸ்பூன் சர்க்கரை தண்ணியில கரைச்சுக் குடிங்க, கால் மணி நேரம் கழிச்சுத் திரும்பப் பாருங்க, ஏறலைன்னா திரும்பவும் குடிங்க. பேச்சு குழறினா, முழுங்க முடியலைன்னா வாயில எதையும் ஊத்தாம ஆம்புலன்ஸுக்கு, 10177-க்கு போன் பண்ணணும்.

விரதம் தொடங்குறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசிருங்க. கிளிக்லசைட்டைக் குறைக்கிறதா, நிறுத்துறதா, 1 மி.கி.யிலேர்ந்து கொஞ்ச நாளைக்கு 0.5-க்கு இறங்குறதான்னு அவர் சொல்லட்டும். நீங்களா எதையும் நிறுத்த வேண்டாம். நீர் மாத்திரையையும் எனலாப்ரிலையும் பத்திக் கேளுங்க. வாந்தி, பேதின்னு உடம்புல தண்ணி வத்துற அன்னிக்கு இந்த ரெண்டும் கிட்னிக்குப் பாரம். பல டாக்டர்கள் அந்த நாள்ல மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்லுவாங்க. உங்களுக்கு எப்படின்னு முன்கூட்டியே கேட்டு ஒரு தாள்ல எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டிருங்க.

சரி, குமட்டல். நீங்க தனி ஆள் இல்லம்மா. இந்த மருந்தை எடைக்காகச் சோதிச்சு 2021-ல வெளியிட்ட பெரிய ஆய்வுல, ஊசி போட்டவங்க நூத்துல 44 பேருக்குக் குமட்டல் இருந்துச்சு. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெறும் ஊசி போட்டவங்கள்லயே நூத்துல 17 பேருக்கு இருந்துச்சு. பெரும்பாலும் டோஸ் ஏத்துற சமயத்துல வரும், உடம்பு பழகினா அடங்கும். நானும் ஓசெம்பிக் போடுறவதான், அதே செமக்ளூட்டைட். எனக்கும் 1 மி.கி.க்குப் போனப்பதான் ரொம்பப் படுத்துச்சு.

இந்த ஊசி இரைப்பை காலியாகுற வேகத்தைக் குறைக்குது. தண்ணி மெதுவா வடியுற தொட்டியில குழாயை முழுசா திறந்துவிட்டா என்ன ஆகும், அதுதான் ஞாயித்துக்கிழமை பிரியாணித் தட்டு. பாதி வயிறு நிறைஞ்சதும், போதும்னு தோணுறதுக்கு முன்னாடியே கையைக் கழுவணும். "இன்னொரு கரண்டி"ன்னு வைக்கிற கையைத் தடுக்கத்தான் நம்ம வீடுகள்ல பாடு, எனக்குத் தெரியும். சின்னத் தட்டு எடுத்துக்குங்க. பருப்பு, தயிர், பயறு முதல்ல, சோறு கடைசியில. சோத்துல ஆரம்பிச்சா ரெண்டு கவளத்துல வயிறு நிறைஞ்சுரும், புரதமே உள்ள போகாது. எடை இறங்கும்போது கொழுப்போட சதையும் கரையும், நம்ம வயசுல போன சதை லேசுல திரும்ப வராது.

எண்ணெய்ப் பலகாரம் குமட்டலையும் அந்த முட்டை நாத்த ஏப்பத்தையும் இன்னும் கூட்டும். கொழுப்பு வயித்துல ரொம்ப நேரம் தங்கும். சமோசா, வடை, பூரி பத்தா (சேப்பிலையில மாவு தடவிச் சுருட்டிப் பொரிக்கிறதும் பூரியும்) எல்லாம் ஊசி போட்ட மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும் வேண்டாம். கேஸ் அடைச்ச கூல்டிரிங்க் எந்த நாளும் வேண்டாம். எனக்குக் கை குடுத்தது அமாசி, இங்கத்த தயிர் மாதிரியான புளிச்ச பால். நம்ம தெருமுனைக் கடையிலயே பாக்கெட்டுல கிடைக்குதே, அதேதான். தண்ணி விட்டு மோரா அடிச்சு, தட்டின இஞ்சியும் உப்பும் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமா குடிப்பேன். தயிர்சாதம், ரசம், வெறும் இட்லி இதெல்லாம் ஆறினதும் சாப்பிடுங்க. சூட்டுல வாசம் தூக்கும், ஆறினா அவ்வளவா தெரியாது. சாப்பிட்ட உடனே படுக்காதீங்க.

உங்க ஊசி நாளையே மாத்தலாம். வெள்ளி ராத்திரி போட்டு, மோசமான ரெண்டு நாளும் பெரிய சமையல் நாள்லயே விழுது. திங்கட்கிழமைக்கு மாத்திக்கிட்டா என்ன? ரெண்டு ஊசிக்கு நடுவுல மூணு நாளுக்குக் குறையாம இடைவெளி இருந்தாப் போதும், ஆனா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யுங்க. இன்னொண்ணு, சனி ஞாயிறு ரெண்டு நாளும் உங்க வீட்ல அடுப்புகிட்ட வேற யாராவது நிக்கட்டும். மருந்து எடுக்கிற பொம்பளைங்களே வீட்ல எல்லாருக்கும் பொங்கிப் போட்டுட்டுக் கடைசியில பட்டினியாப் படுக்கிறதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு ஆறலை.

மலச்சிக்கலுக்கு நார்ச்சத்துன்னு சொல்லுவாங்க. தண்ணி குடிக்காம நார்ச்சத்து மட்டும் ஏத்தினா இன்னும் இறுகிரும். பசி இல்லாததால தாகமும் தெரியாது, அதனால நேரம் வச்சுக் குடிங்க. முளைக்கீரை, பப்பாளி, ஊறவச்ச உலர்திராட்சை கொஞ்சம், சாயங்காலம் நடை. அதுலயும் அசையலைன்னா மருந்துக்கடையில லாக்டுலோஸ் (மலமிளக்கி சிரப்) கேளுங்க, தள்ளிப்போடாதீங்க. வயித்துல மலம் நின்னா குமட்டலும் கூடும்.

விரதம். எங்க கோவில்ல சர்க்கரைக்காரங்களைப் பெரியவங்க ஒருநாளும் ஒருவேளைச் சாப்பாட்டுல வச்சதில்ல. மூணு வேளையும் சைவம், சுத்தமான சமையல், தரையில படுக்கை, கோவில் பூஜை தவறாம இருந்தா அதுவும் விரதம்தான்னு குருக்களே சொல்லுவாரு. உங்க குருக்கள்கிட்டயும் கேட்டுப் பாருங்க. நாள் முழுக்கப் பட்டினி கிடந்துட்டு ராத்திரி ஒரேயடியா சாப்பிடுறது இந்த ஊசிக்கு ஆகவே ஆகாது, அன்னிக்கு வாந்தி நிச்சயம். நாலஞ்சு தடவையா கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க. பூசத்தன்னிக்குத் தண்ணி குடிக்காம நடக்குறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். டர்பன்ல அந்த மாச வெயிலும் புழுக்கமும் உங்களுக்கே தெரியும்.

வாந்தி வந்துட்டா இங்க கிளினிக்ல சொல்லிக் குடுக்கிற கரைசலே போதும்: கொதிச்சு ஆறின தண்ணி ஒரு லிட்டர், தலை தட்டின டீஸ்பூன்ல எட்டு சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒரு மடக்கு, கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு மடக்கு. சர்க்கரை இருக்கேன்னு பயந்து தவிர்க்காதீங்க, மீட்டர்ல பார்த்துக்கிட்டே குடிக்கலாம். தண்ணி கூட நிக்காம ஒருநாள் ஓடினா, சிறுநீர் கறுத்துக் குறைஞ்சா, எழுந்தா தலை சுத்தினா, அன்னிக்கே டாக்டரைப் பார்க்கணும்.

கண் பரிசோதனை கடைசியா எப்ப செஞ்சீங்க? சர்க்கரையால விழித்திரை கெட்டிருந்தா, சுகர் சட்டுனு இறங்கும்போது மோசமாகலாம். 1-லேர்ந்து மேல ஏத்துறதுக்கு முன்னாடி அதைப் பார்த்துருங்க.

டோங்காட் வாசி எழுதியது:

அக்கா சொன்னதோட என் அனுபவம் ஒண்ணு. நான் மவுஞ்சாரோ போட்டேன், அதுவும் இதே மாதிரி வாராந்திர ஊசிதான், மருந்து வேற. எடை வேகமா இறங்குச்சு, எல்லாரும் பாராட்டினாங்க. ஒருநாள் ராத்திரி சாப்பிட்டதுக்கப்புறம் வலது பக்க விலாவுக்குக் கீழ பிடிச்ச வலி, தோள்பட்டை வரைக்கும் ஏறுச்சு. வழக்கமான ஊசிக் குமட்டல்தான்னு வீட்ல சொன்னாங்க. வலி விடவே இல்ல, ஜுரமும் வந்துச்சு. ஸ்கேன்ல பித்தப்பைக் கல்லு. எடை வேகமா குறைஞ்சா கல்லு உருவாகுறது உண்டு, இந்த மருந்துங்களுக்கும் அதுல பங்கு இருக்குன்னு சர்ஜன் சொன்னாரு. பித்தப்பையை எடுத்துட்டாங்க, இப்ப நல்லா இருக்கேன்.

ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க டாக்டர் கேட்ட முதல் கேள்வி, கடைசி ஊசி எப்பன்னுதான். முந்தின ராத்திரியிலேர்ந்து சாப்பிடாம இருந்தாலும் இந்த மருந்தால வயித்துல சாப்பாடு தங்கியிருக்கலாமாம், மயக்கத்துல அது நுரையீரலுக்குள்ள போனா ஆபத்தாம். பல்லு புடுங்க மயக்கம் குடுத்தாலும், எண்டோஸ்கோபின்னாலும் ஊசி போடுறதை வாய்விட்டுச் சொல்லிருங்க.

சாட்ஸ்வொர்த் அக்கா, என் யோசனை, பூசம் முடியுற வரைக்கும் ஊசியையே விட்டுருங்க. அப்புறம் பார்த்துக்கலாம்.

ஜோபேர்க் மருந்துக்கடை எழுதியது:

நான் யாழ்ப்பாணத்து ஆள், ஜோகன்னஸ்பேர்க்கில ஒரு பாமசியில வேலை செய்யிறன். பீனிக்ஸ் அக்கா சொன்னதெல்லாம் சரி. டோங்காட் அண்ணை ஊசியை விடச் சொன்னதிலதான் ஒரு விசயம் விளங்க வேணும். செமக்ளூட்டைட் உடம்பில அரைவாசியாக் குறையவே கிட்டத்தட்ட ஒரு கிழமை (வாரம்) எடுக்கும். முழுக்கப் போக அஞ்சு முதல் ஏழு கிழமை மட்டில செல்லும். ஒரு கிழமை போடாமல் விட்டாலும் மருந்து உள்ளுக்க நிண்டு வேலை செய்துகொண்டுதான் இருக்கும். குமட்டல் கொஞ்சம் தணியும், ஆனா கிளிக்லசைட்டால சுகர் விழுற பயம் அப்பிடியே இருக்கும். கனக்க கிழமை விட்டுப்போட்டுத் திரும்ப 1 மி.கி.யில தொடங்கினா வயிறு பழக்கம் விட்டிருக்கும், சத்தி (வாந்தி) முந்தியவிடக் கூடவா வரும். அப்பிடி விட வேண்டி வந்தா எந்த டோசில திரும்பத் தொடங்கிறது எண்டு டொக்டரோட கதைச்சுப்போட்டுப் போடுங்கோ.

மவுஞ்சாரோ போடுற தங்கச்சிமார் யாரும் இதை வாசிச்சா: கருத்தடைக் குளிசை (மாத்திரை) எடுத்தா, தொடங்கின முதல் நாலு கிழமையும் ஒவ்வொரு முறை டோஸ் கூட்டின பிறகு நாலு கிழமையும் வேற பாதுகாப்பும் வேணும். குளிசை உடம்பில சேருறது குறையும். இதைக் கேக்க வெக்கப்பட்டு நிக்கிற ஆக்களைக் கவுண்டரில கனக்கக் காணுறன்.

தொடங்காத பேனாவை ஃபிரிட்ஜில 2 முதல் 8 பாகைக்குள்ள வையுங்கோ, ஐஸ் பெட்டியோட ஒட்டி வையாதேங்கோ. ஒருக்கா உறைஞ்ச மருந்து உருகினாலும் உதவாது. தொடங்கின வெகோவிப் பேனா 30 பாகைக்குக் கீழ ஆறு கிழமை மட்டும் வெளியில இருக்கலாம், உங்கட பெட்டிக்குள்ள இருக்கிற தாளையும் ஒருக்கா பாருங்கோ. கரண்ட் போற நாளில ஃபிரிட்ஜைத் திறவாமல் விட்டாலே காணும். காருக்குள்ள மட்டும் வையாதேங்கோ, டர்பன் வெயிலில சூடேறிப்போம்.

2025 ஆகஸ்டில வெகோவி இங்க வந்த பிறகும் வாட்ஸ்அப்பில மலிவா ஊசி எண்டு விக்கிறவை குறையேல்லை. தென்னாபிரிக்காவில இது ஷெடியூல் 4 மருந்து, டொக்டரின்ர சீட்டு இல்லாமல் குடுக்கேலாது. உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில போலி ஓசெம்பிக் பற்றி எச்சரிக்கை விட்டது. லேபிள் இல்லாத குப்பியில என்ன இருக்கு, எவ்வளவு இருக்கு எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. கைக்காசு குடுத்து வாங்கிற கஷ்டம் எனக்கு விளங்குது, ஆனாலும் அந்தப் பக்கம் போகாதேங்கோ.

சாட்ஸ்வொர்த் மருமகள் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பெரியம்மா, நீங்க எழுதினதை மாமியாருக்குப் படிச்சுக் காட்டினேன். "இவங்க சொல்றதைக் கேளு"ன்னுட்டாங்க.

டாக்டரைப் பார்த்துட்டு வந்தேன். கிளிக்லசைட்டை விரதம் முடியுற வரைக்கும் நிறுத்தச் சொன்னாரு, காலைலயும் ராத்திரியும் சுகர் எழுதி வைக்கணும். ஊசியை 0.5-க்கு இறக்கிட்டாரு, பூசம் கழிஞ்சு திரும்ப ஏத்துறதைப் பத்தி யோசிக்கலாமாம். வாந்தி வந்தா நீர் மாத்திரையும் எனலாப்ரிலும் அன்னிக்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்தாரு. ஊசியையும் திங்கட்கிழமைக்கு மாத்தியாச்சு. குருக்கள் மூணு வேளைச் சைவத்துக்குச் சம்மதிச்சுட்டாரு, தண்ணி குடிச்சுக்கிட்டே நடன்னும் சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமைச் சமையலை வீட்டுக்காரரும் மகளும் பார்த்துக்கிறாங்க.

ஒரே ஒரு சந்தேகம். சில நாள் நடு வயித்துல ஒரு எரிச்சல் வலி வருது. எது சாதாரணம், எதுக்கு ஓடணும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பீனிக்ஸ் பெரியம்மா எழுதியது:

நல்ல சேதி சொன்னீங்கம்மா, உங்க டாக்டருக்கும் குருக்களுக்கும் என் நமஸ்காரம்.

சாப்பிட்டதும் வந்து, மோர் குடிச்சாலோ கொஞ்சம் நடந்தாலோ தணியுற எரிச்சல்னா பெரும்பாலும் அமிலம்தான். அடுத்த தடவை டாக்டர்கிட்ட சொன்னாப் போதும். நடு வயித்துல தொடங்கி முதுகுக்குப் பாயுற வலி, படுத்தாலும் உக்காந்தாலும் விடாத வலி, கூட வாந்தியும் இருந்தா அது கணைய வீக்கமா இருக்கலாம். ராத்திரி எத்தனை மணியானாலும் காலைல பார்க்கலாம்னு இருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க, அடுத்த ஊசியும் போடாதீங்க. டோங்காட் தம்பி சொன்ன வலது விலா வலி, ஜுரம், கண்ணு மஞ்சளாகுறது, இதுக்கும் அதே அவசரம். திடீர்னு ஒரு கண்ணு பார்வை மங்கினாலும் அப்படித்தான், ரொம்ப அபூர்வம், ஆனா காத்திருக்கக் கூடாது.

சுகர் எழுதுற நோட்டுல பக்கத்துல என்ன சாப்பிட்டீங்கன்னும் ரெண்டு வார்த்தை எழுதுங்க. கிளிக்லசைட்டைத் திரும்ப ஆரம்பிக்கணுமான்னு டாக்டர் அதைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவாரு. மீட்டர் ஸ்ட்ரிப் தேதி முடிஞ்சிருக்கான்னும் இன்னிக்கே பாருங்க.